கடைசி பே ஸ்டப்பா, டபிள்யூ-2-வா? அமெரிக்காவில் எந்தக் காகிதம் எதற்கு உதவும்

ஜனவரி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். டிசம்பர் கடைசிச் சம்பளத்தின் பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, கையில் இருக்கும். மொத்தச் சம்பளம், பிடித்த வரி, 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாமே அதில் வருடக் கூட்டலோடு அச்சாகியிருக்கும். அதிகமாகப் பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி வந்தால் ஊருக்கு டிக்கெட் போடலாம் என்று காத்திருப்பவர்கள் அப்போது கேட்பது ஒன்றுதான்: "எல்லா எண்ணும் இதிலேயே இருக்கே, இதை வைத்தே டாக்ஸ் ஃபைல் பண்ணிடக் கூடாதா?"

பிப்ரவரியில் டபிள்யூ-2 என்னும் வருடச் சம்பளச் சான்று வந்ததும் கேள்வி வேறு மாதிரி வரும். "ஆஃபர் லெட்டரில் 1,04,000 டாலர் என்றார்கள். இதில் 87,100தான் போட்டிருக்கிறது. மீதியை யார் சாப்பிட்டது?"

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்று. பே ஸ்டப் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான கணக்கு. டபிள்யூ-2 கம்பெனி உங்களைப் பற்றி அரசாங்கத்திடம் சொல்லும் கணக்கு. இரண்டும் ஒரே சம்பளத்தைத்தான் பேசுகின்றன, ஆனால் எதைச் சம்பளம் என்று எண்ணுவது என்பதில் பிரிந்துவிடுகின்றன. ஊரில் ஃபாரம் 16 பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஏப்ரல்–மார்ச் கணக்கு இங்கே ஜனவரி–டிசம்பர் ஆகிவிடுகிறது என்பதை மட்டும் மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். அதிலிருக்கும் எண் வரி போடும் எண்தானா? கேட்பவர் அதை ஏற்பாரா? எப்போது கைக்கு வரும்? தவறான காகிதத்தைப் பயன்படுத்தினால் எவ்வளவு கைக்காசு போகும்?

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. டபிள்யூ-2 வரவே இல்லை என்றால் அதற்குப் பதிலாக நாமே நிரப்பும் ஃபாரம் 4852. அதையும் சேர்த்துத்தான் அட்டவணை.

| | கடைசி பே ஸ்டப் | டபிள்யூ-2 | ஃபாரம் 4852 |
|---|---|---|---|
| யார் தயாரிப்பது | கம்பெனி, உங்களுக்காக | கம்பெனி, உங்களுக்கும் அரசுக்கும் | நீங்களே, பே ஸ்டப்பைப் பார்த்து |
| எப்போது | ஒவ்வொரு சம்பளத்தோடும் | ஜனவரி 31-க்குள் | பிப்ரவரி முடிந்தும் டபிள்யூ-2 வராதபோது |
| வரித் தாக்கலுக்கு | நேரடியாக ஆகாது | இதுதான் | ஆகும், தாமதத்தோடு |
| வீட்டுக் கடன், வாடகை | இன்றைய வருமானத்துக்குச் சான்று | சென்ற வருடங்களுக்குச் சான்று | பயனில்லை |
| மறைந்திருக்கும் செலவு | தவறான எண்ணில் வரி கட்டுவது | காத்திருப்பு, தபால் தொலைவது | பிறகு திருத்தி மறுபடி தாக்கல் செய்வது |

## பே ஸ்டப்: விவரம் நிறைய, முடிவு இல்லை

ஒவ்வொரு பிடித்தமும் தனித்தனியாகத் தெரிவதுதான் பே ஸ்டப்பின் பலம். மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு, பல்லுக்கு எவ்வளவு, ரயில் பாஸுக்கு எவ்வளவு, எந்த வாரம் எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். டபிள்யூ-2-வில் இதில் பாதி இருக்காது.

இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கம்பெனி மணிக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் பதிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பே ஸ்டப் கொடுப்பதைக் கட்டாயமாக்குவது மாநிலச் சட்டங்கள். பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. ஃபுளோரிடா, ஜார்ஜியா போன்ற சிலவற்றில் இல்லை.

பலவீனத்துக்கு வருவோம். கடைசி பே ஸ்டப் என்று நீங்கள் நினைப்பது கடைசியாக இல்லாமல் போகலாம். இது இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, தேதிக் குழப்பம். வருமானம் எந்த வருடத்துக்கு என்பதை வேலை செய்த நாள் தீர்மானிப்பதில்லை, பணம் கொடுத்த நாள்தான் தீர்மானிக்கிறது. டிசம்பர் 21 முதல் ஜனவரி 3 வரை செய்த வேலைக்கு 2026 ஜனவரி 9 அன்று சம்பளம் வந்தால் முழுத்தொகையும் 2026-இல் சேரும். அந்த ஸ்டப்பைப் பார்த்து 2025-க்குக் கணக்குப் போட்டால் ஆரம்பமே கோணல். டிசம்பரில் அறிவித்து ஜனவரியில் கொடுத்த போனஸுக்கும் இதே கதை.

இரண்டு, சம்பளம் போட்ட பிறகு வரும் சரிக்கட்டல்கள். கம்பெனி கொடுக்கும் ஆயுள் காப்பீடு 50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கான காப்பீட்டுச் செலவு உங்கள் வருமானமாக எண்ணப்படும். காசாகக் கைக்கு வராது, ஆனால் டபிள்யூ-2-வில் ஏறும். கிஃப்ட் கார்டு, சொந்த உபயோகத்துக்கு ஓட்டிய கம்பெனி கார் போன்றவையும் அப்படித்தான். சில கம்பெனிகள் இவற்றை மாதாமாதம் ஸ்டப்பில் காட்டுகின்றன. சில, வருடக் கடைசியில் மொத்தமாகச் சேர்க்கின்றன. அந்தச் சேர்ப்பு உங்கள் கையிலிருக்கும் ஸ்டப்பில் இருக்குமா இருக்காதா என்பது அவர்கள் எந்த நாளில் கணக்கை முடித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

## டபிள்யூ-2: எண்கள் கொஞ்சம், ஆனால் அவைதான் செல்லும்

இப்போது அந்த 1,04,000 எங்கே போனது என்று பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு 4,000 டாலர், வருடத்தில் 26 சம்பளம். ஒவ்வொரு முறையும் 401(கே)-க்கு 400, மருத்துவக் காப்பீட்டுக்கு 150, எச்.எஸ்.ஏ. என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு 100 என்று வரிக்கு முன்பே பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடக் கூட்டலில் முறையே 10,400, 3,900, 2,600.

டபிள்யூ-2-வின் முதல் கட்டம் மத்திய வருமான வரிக்கான சம்பளம். மூன்றையும் கழித்துவிட வேண்டும். 1,04,000-இலிருந்து 16,900 போனால் 87,100.

மூன்றாம் கட்டம் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கான சம்பளம், ஐந்தாம் கட்டம் மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவத் திட்டத்துக்கானது. இங்கே காப்பீடும் எச்.எஸ்.ஏ.-வும் மட்டும் கழியும், 401(கே) கழியாது. அதனால் இரண்டிலும் 97,500. நான்காம் கட்டத்தில் அதன் 6.2 சதவீதமாகிய 6,045 இருக்கும். ஆறாம் கட்டத்தில் 1.45 சதவீதம், 1,413.75.

ஆக ஒரே ஆளுக்கு, ஒரே வருடத்துக்கு மூன்று 'சம்பளம்': ஆஃபர் லெட்டரில் ஒன்று, முதல் கட்டத்தில் ஒன்று, ஐந்தாம் கட்டத்தில் ஒன்று. மூன்றும் சரிதான். யாரும் எதையும் சாப்பிடவில்லை.

மாநில வரி உள்ள ஊரில் இருந்தால் நான்காவதாகவும் ஒன்று முளைக்கலாம். எச்.எஸ்.ஏ.-வுக்குக் கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் வரிச் சலுகை தருவதில்லை. மேலே சொன்ன ஆள் சான் ஹோசேயில் இருந்து, கம்பெனியும் தன் பங்காக எச்.எஸ்.ஏ.-வில் 500 டாலர் போட்டிருந்தால், மாநிலச் சம்பளத்துக்கான 16-ஆம் கட்டத்தில் அவருக்கு 90,200 இருக்கும். பென்சில்வேனியா 401(கே)-யையே கழிக்க விடாது. டாலஸில் இருப்பவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அந்தக் கட்டங்கள் காலியாகவே வரும்.

12-ஆம் கட்டத்தில் ஆங்கில எழுத்துக் குறிகள் வரும். 'டி' என்றால் 401(கே)-க்கு நீங்கள் போட்டது. 'டபிள்யூ' என்றால் சம்பளம் வழியாக எச்.எஸ்.ஏ.-வுக்குப் போனது. இதில் கம்பெனி போட்டதும் சேரும், ஆகவே நம் உதாரணத்தில் 3,100. 'டிடி' என்ற குறியோடு பத்து, பதினைந்து ஆயிரம் என்று பெரிய எண் ஒன்றைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அது உங்கள் மருத்துவக் காப்பீட்டின் மொத்த விலை, நீங்களும் கம்பெனியும் கட்டியது சேர்ந்து. தகவலுக்காகப் போடுவது, அதற்கு வரி கிடையாது.

சரி, இவ்வளவையும் பார்க்காமல் பே ஸ்டப்பின் மேல்வரியில் இருக்கும் 1,04,000-ஐ அப்படியே போட்டுத் தாக்கல் செய்தால்? தனிநபராக 2025-க்குத் தாக்கல் செய்பவர் நிலையான கழிவு 15,750 போக 22 சதவீத அடுக்கில் இருப்பார். கூடுதலாகக் காட்டிய 16,900-க்கு 3,718 டாலர் வரி தண்டம். எதிர்த்திசையில் தவறி, கைக்கு வந்த நிகரச் சம்பளத்தை வருமானமாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இடமிருந்து கடிதம் வரும். கம்பெனி அனுப்பிய டபிள்யூ-2-வோடு உங்கள் எண்ணைப் பொருத்திப் பார்ப்பது அங்கே இயந்திர வேலை. தப்பாது.

இதில் இன்னொரு தடையும் இருக்கிறது. மின்வழியில் தாக்கல் செய்துதரும் வரி முகவர்கள் டபிள்யூ-2 கைக்கு வருமுன் வெறும் பே ஸ்டப்பை வைத்து அனுப்பக் கூடாது என்பது ஐ.ஆர்.எஸ். விதி. "ஸ்டப் இருந்தால் போதும், இன்றே அனுப்பிவிடலாம்" என்று எவராவது ஜனவரி முதல் வாரத்தில் சொன்னால், அவரிடம் வேறு எதையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

டபிள்யூ-2-வின் குறை காத்திருப்புதான். ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். 2026-இல் அது சனிக்கிழமை என்பதால் பிப்ரவரி 2. அந்தத் தேதிக்குள் தபாலில் போட்டால் போதும், உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீடு மாறியிருந்தால் இன்னும் கஷ்டம். ஒரு வருடம் என்னுடையது பழைய அபார்ட்மென்டின் தபால் பெட்டியில் மூன்று வாரம் கிடந்தது. சம்பளப் பிரிவில் முகவரியை மாற்றினேன்தான், ஆனால் அது காப்பீட்டுப் பக்கத்தில் மட்டும் மாறியிருந்தது. அதற்குப் பிறகு மின்வழிப் பிரதிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

## ஃபாரம் 4852: வேறு வழியில்லாதபோது

கம்பெனி மூடிவிட்டது, அல்லது பழைய மேனேஜர் போனை எடுப்பதில்லை. பிப்ரவரி முடியும்வரை பொறுத்து ஐ.ஆர்.எஸ்.-ஐ அழைத்தால் அவர்கள் கம்பெனிக்கு நினைவூட்டுவார்கள். அப்படியும் வரவில்லை என்றால்தான் 4852. கடைசி பே ஸ்டப்பின் வருடக் கூட்டலை வைத்து நாமே எண்களை எழுத வேண்டும். எப்படிக் கணக்கிட்டோம், டபிள்யூ-2 பெற என்ன முயற்சி செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். மேலே போட்ட 87,100 கணக்கு கைகொடுப்பது இங்கேதான்.

இதன் செலவு இரண்டு. ஐ.ஆர்.எஸ். சரிபார்க்கும்வரை ரீஃபண்ட் தாமதமாகலாம். பிறகு உண்மையான டபிள்யூ-2 வந்து எண்கள் மாறினால் 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும். ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் கணக்கில் கிடைக்கும் வருமானத் தகவல் பிரதியும் உதவும். ஆனால் நடப்புத் தாக்கல் பருவத்தின் தொடக்கத்தில் அது முழுமையாக இருக்காது. பழைய வருடங்களுக்கு நல்ல துணை.

ஏப்ரல் 15 நெருங்கியும் எதுவும் வரவில்லை என்றால் என் ஓட்டு ஃபாரம் 4868-க்கு. அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் அந்த அவகாசம் தாக்கலுக்கு மட்டும், வரி கட்டுவதற்கு இல்லை. பாக்கி வரும் என்று தோன்றினால் ஸ்டப்பைப் பார்த்து ஒரு மதிப்பீடு போட்டு ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். ரீஃபண்ட் வரவேண்டியவருக்குக் காத்திருப்பதில் நஷ்டம் குறைவு.

## எந்த நேரத்தில் எது

வாடகை வீடு. பே ஸ்டப் போதும். இரண்டு மூன்று சமீபத்திய ஸ்டப்களைக் கேட்பார்கள். டபிள்யூ-2-வில் சோஷியல் செக்யூரிட்டி எண் முழுதாக அச்சாகியிருக்கக் கூடும், அதை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

வீட்டுக் கடன். இரண்டும் வேண்டும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் தேதியிட்ட, வருடக் கூட்டல் உள்ள பே ஸ்டப் ஒன்றும், அதோடு முந்தைய ஓரிரு வருட டபிள்யூ-2-களும் கேட்கப்படும்.

எச்-1பி வேலை விசாவில் கம்பெனி மாற்றம், நீட்டிப்பு. இங்கே நான் பே ஸ்டப் பக்கம். இதுவரை இடைவெளி இல்லாமல் வேலையில் இருந்தீர்கள், சம்பளம் வந்தது என்பதை அண்மைய ஸ்டப்கள்தான் காட்டும். போன வருட டபிள்யூ-2 அதைச் சொல்லாது. அதோடு, விண்ணப்பத்தில் 1,04,000 என்று எழுதியிருக்க, டபிள்யூ-2-வின் முதல் கட்டத்தில் 87,100 என்று இருந்தால் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று சந்தேகம் எழலாம். டிசம்பர் கடைசி ஸ்டப்பை உடன் வைத்தால், 401(கே)-க்கும் காப்பீட்டுக்கும் போனது தெரிந்து கேள்வி அடங்கும். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்குப் போகும்போதும் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடித்து ஓ.பி.டி. என்னும் தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர். எஃப்-1 மாணவர் விசாவில் வந்து முதல் ஐந்து காலண்டர் வருடத்துக்குள், வரிக்கணக்கில் 'குடியிருப்பாளர் அல்லாதவர்' என்ற நிலையில் இருப்பவருக்குச் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கக் கூடாது. பல சிறிய கம்பெனிகளுக்கு இது தெரியாது. டபிள்யூ-2-வுக்காகப் பிப்ரவரிவரை காத்திருக்காமல், முதல் பே ஸ்டப்பிலேயே இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மாதத்தில் சொன்னால் கம்பெனி எளிதாகச் சரிசெய்யும். வருடம் முடிந்த பிறகு என்றால் முதலில் கம்பெனியிடம் திருப்பிக் கேட்க வேண்டும். அவர்கள் கைவிரித்தால் ஃபாரம் 843-ஐயும் 8316-ஐயும் நிரப்பி ஐ.ஆர்.எஸ்.-இடம் கேட்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

ஒரே வருடத்தில் இரண்டு கம்பெனி. இதற்கு டபிள்யூ-2-தான், அதுவும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். 2025-இல் சோஷியல் செக்யூரிட்டி வரி 1,76,100 டாலர் சம்பளத்தோடு நின்றுவிடும். ஒருவர் அதிகபட்சம் கட்ட வேண்டியது 10,918.20. புதிய கம்பெனிக்குப் பழைய கம்பெனி பிடித்தது தெரியாது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் இடத்தில் 1,20,000, அடுத்த இடத்தில் 90,000 சம்பாதித்தவருக்கு மொத்தம் 13,020 பிடித்திருப்பார்கள். அதிகப்படியான 2,101.80 தாக்கலில் ஷெட்யூல் 3 என்னும் இணைப்புப் படிவம் வழியாகத் திரும்பி வரும். ஒவ்வொரு பே ஸ்டப்பும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்தால் இது தெரியாது. 401(கே)-க்கும் இதே ஆபத்து. 2025-இல் 50 வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டு கம்பெனியும் சேர்த்து வரம்பு 23,500. தாண்டினால் அதிகத் தொகையை ஏப்ரல் 15-க்குள் எடுக்கச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஓவர்டைம் வாங்குபவர். இந்த ஒரு விஷயத்தில் 2025-க்குப் பே ஸ்டப்தான் ராஜா. 2025 முதல் 2028 வரை, ஒன்றரை மடங்கு ஓவர்டைமில் கூடுதலாக வரும் அந்த 'அரை' பகுதிக்கு, தனிநபராகத் தாக்கல் செய்பவருக்கு 12,500 டாலர் வரை கழிவு உண்டு. 1,50,000 வருமானத்துக்கு மேல் அது குறையத் தொடங்கும். ஆனால் 2025-இன் டபிள்யூ-2 இதற்காக மாற்றப்படவில்லை. கம்பெனி விரும்பினால் 14-ஆம் கட்டத்தில் போடும், இல்லையென்றால் இல்லை. ஸ்டப்பில் ஒன்றரை மடங்கு விலையில் ஓவர்டைம் 4,500 என்று கூட்டல் இருந்தால் மூன்றால் வகுத்து 1,500-ஐக் கழிவாகக் கேட்கலாம். மணிக் கூலியில் இரவுப் பணி செய்யும் நர்ஸ்கள் வருடம் முழுவதற்குமான ஸ்டப்களை எறியாமல் வைத்திருப்பது இதற்காகவே பலன் தரும். 2026 கணக்கிலிருந்து டபிள்யூ-2-விலேயே தனிக் குறியோடு வரும்.

பங்கு கிடைத்தவர். ஆர்.எஸ்.யூ., அதாவது கம்பெனி ஊதியமாகத் தரும் பங்கு, கைக்கு வந்த அன்றைய மதிப்பு டபிள்யூ-2-வின் முதல் கட்டத்திலேயே ஏறிவிடும். பங்கை விற்கும்போது தரகு நிறுவனம் அனுப்பும் 1099-பி-யில் அடக்கவிலை பூஜ்யம் என்று வந்தால், அப்படியே போட்டு ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி கட்டாதீர்கள். பங்கு வந்த வாரத்தின் பே ஸ்டப் அந்த மதிப்பைக் காட்டும்.

## இரண்டும் பொருந்தாவிட்டால்

முதலில் ஸ்டப்பின் வருட மொத்தத்தை எடுங்கள். வரிக்கு முன் பிடித்த 401(கே), காப்பீடு, எச்.எஸ்.ஏ., ரயில் பாஸ் ஆகியவற்றைக் கழியுங்கள். காசாக வராத ஆயுள் காப்பீட்டு மதிப்பு மொத்தத்தில் சேராமல் இருந்தால் கூட்டுங்கள். முதல் கட்டத்தின் எண் வர வேண்டும். ராத் 401(கே) என்றால் கழிக்கக் கூடாது, அது வரி கட்டிய பிறகு போகும் பணம். ஒருவருக்குக் கணக்கு இடித்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்படியும் இடித்தால் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். தவறு அவர்களுடையது என்றால் டபிள்யூ-2சி என்ற திருத்தப் பிரதி தர வேண்டும். அது வருமுன் உங்களுக்குச் சரியென்று பட்ட எண்ணைப் போட்டுத் தாக்கல் செய்யாதீர்கள். அரசின் கையில் இருப்பது பழைய எண்தான்.

வேலை மாறுபவர்களுக்கும் லேஆஃபில் போகிறவர்களுக்கும் ஒன்று. சம்பளப் போர்ட்டலுக்குள் நுழையும் வழி பல இடங்களில் அலுவலக மின்னஞ்சலோடு கட்டப்பட்டிருக்கும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மாலையே அந்த வருடத்தின் ஸ்டப்களையும் பழைய டபிள்யூ-2-களையும் சொந்த இடத்தில் இறக்கி வையுங்கள். போர்ட்டலில் சொந்த மின்னஞ்சலையும், ஜனவரியில் எங்கே குடியிருப்பீர்களோ அந்த முகவரியையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.